வியாழக்கிழமை கூடும் வாய்க்கால் கோர்ட்

ஸ்பெயின் நாட்டின் கிழக்குக் கடற்கரையில் இருக்கிறது வலென்சியா நகரம். ஊர் நடுவே பழைய பேராலயம் ஒன்று. வாரந்தோறும் வியாழக்கிழமை, மணி பகல் 12 அடிக்கும்போது, அந்த ஆலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் அரைவட்டமாக நாற்காலிகள் போட்டிருக்கும். கறுப்பு மேலங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். எட்டுப் பேரும் விவசாயிகள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அவர்கள் நீதிபதிகள். அவர்கள் விசாரிப்பது வாய்க்கால் தண்ணீர் வழக்குகளை மட்டும்தான்.

2025-ஆம் ஆண்டு கோடையில் ஏழு வியாழக்கிழமைகள் அந்த வாசலில் போய் நின்றார் ஒரு தமிழ் மாணவி. திருவாரூர் மாவட்டத்தில் கடைமடைக் கிராமம் ஒன்று அவருடைய ஊர். வேளாண் பொறியியல் படிக்கிறார். பத்து வாரப் பயிற்சிக்காக வலென்சியாவில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தார். விமான டிக்கெட்டுக்காக அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. மாணவியின் பெயர் இங்கே வேண்டாம். அப்பாவுக்குத் தண்ணீர் வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அதுவும் அதே தெருவில் இருக்கும் பங்காளியோடு.

வழக்கு பெரிய விஷயமில்லை. மேல்வயல்காரர் கன்னி வாய்க்காலை வரப்போடு சேர்த்துச் சுருக்கிவிட்டார் என்பது அப்பாவின் புகார். வாய்க்கால் அங்கேதான் எப்போதும் இருந்தது என்பது அவருடைய பதில். ஒன்பது வருடமாக வாய்தா ஓடுகிறது.

கோரைக்கு வந்த வாழ்வு

வலென்சியாவில் கோடை வெயில் நம் சித்திரை வெயிலை நினைவூட்டும். ஆண்டு மழையே சுமார் 450 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பங்கு இலையுதிர் காலத்தில் கொட்டிவிடும். ஜூன், ஜூலையில் வானம் வெளுத்துக் கிடக்கும். மாணவிக்கு முதல் வாரம் பழகாதது வெயில் அல்ல, நேரம். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு. ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. எட்டரை மணிக்குப் பசித்துப் போய் ஓட்டல் வாசலில் நின்றால், இப்போதுதான் அடுப்பு பற்ற வைக்கிறார்கள்.

நகரத்தைச் சுற்றி வயல்கள். 'ஓர்த்தா' என்பார்கள் உள்ளூர்க்காரர்கள். டிராம் வண்டி கட்டடங்களைத் தாண்டிச் சில நிமிடங்களில் வெங்காய வயலுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். துண்டு துண்டான சிறு நிலங்கள், நடுவே வாய்க்கால்கள். ஏக்கர் கணக்கில் ஒரே பயிர் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனவருக்கு, ஊரிலேயே இருப்பதுபோல இருந்தது.

மாணவியின் வேலை, நகரின் வடக்கே அல்போராயா என்ற ஊர் வயலில். பார் பிடித்து நட்டிருந்த பயிரில் மண் ஈரத்தை அளக்கும் சென்சார்களைப் பார்த்து, அளவு குறித்துவர வேண்டும். சால் பாசனத்தில் எவ்வளவு நீர் போகிறது, சொட்டுநீரில் எவ்வளவு என்று ஒப்பிடும் வேலை. முதல் நாள் வயலில் இறங்கியவர், பயிரைப் பார்த்துத் திகைத்துப் போனார். கோரை! வயல் முழுக்கக் கோரைப் புல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. களை எடுக்காமல் விட்டுவிட்டார்களோ என்று நினைத்தாராம். அதுதான் பயிரே.

'சூஃபா' என்று பெயர். நம் வயலில் உயிரை வாங்கும் கோரையின் நெருங்கிய உறவு. ஆனால் வேறு இனம். அடியில் சுண்டைக்காய் அளவில் கிழங்கு பிடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் நடுகிறார்கள். மணல் கலந்த இளகிய மண்தான் வேண்டும், அப்போதுதான் கிழங்கு சுலபமாகப் பிரிந்துவரும். இலையெல்லாம் காய்ந்த பிறகு தீயிட்டு, நவம்பர் முதல் ஜனவரி வரை இயந்திரத்தால் மண்ணோடு வாரிச் சலிப்பார்கள். கழுவி, காற்றோட்டமான பரணில் பரப்பி, தினமும் கிளறிவிட்டு மூன்று மாதம் வரை காயவைக்கிறார்கள். சுருங்கச் சுருங்க இனிப்பு ஏறும்.

காய்ந்த கிழங்கை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் 'ஓர்ச்சாத்தா' என்ற பானம். பார்க்கப் பால்போல இருக்கும். ஒரு சொட்டுப் பால் கிடையாது. சாயங்காலம் அல்போராயாவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, நீளமான ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் மணப்பாறை முறுக்கு, திண்டுக்கல் பூட்டு என்று ஊர்ப் பெயரைக் காப்பாற்றுவதுபோல, 'வலென்சியா சூஃபா' என்ற பெயருக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு.

வீடியோ அழைப்பில் இந்த வயலைப் பார்த்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: "நாங்க இடுப்பொடியப் புடுங்கிப் போடுறதை அங்க தண்ணி பாய்ச்சி வளக்குறாங்களா?"

கல்லால் செய்த நாக்கு

வலென்சியாவின் ஆறு துரியா. அதிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால் சங்கங்கள்தான் கோயில் வாசலில் உட்காரும் எட்டுப் பேரை அனுப்புகின்றன. குவார்ட், மிஸ்லாத்தா, தோர்மோஸ், மெஸ்தாயா, ரஸ்கான்யா, ஃபவாரா, ரொவெயா, பெனாச்செர்-ஃபைத்தனார் என்று பெயர்கள். கால்பந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெயர் தெரிந்திருக்கும். வலென்சியா அணியின் மெஸ்தாயா மைதானம், பக்கத்தில் ஓடிய வாய்க்காலின் பெயரைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

வாய்க்காலுக்கு ஸ்பானிய மொழியில் 'அசெக்கியா'. அரிசிக்கு 'அரோஸ்'. இரண்டுமே அரபு மொழி வழியாக வந்த சொற்கள். அரபு ஆட்சிக் காலத்தில் வளர்ந்த பாசனம் இது. 1238-இல் ஹைமே மன்னர் நகரத்தைப் பிடித்தபோது, நீர்ப் பங்கீடு பழைய வழக்கப்படியே நடக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆட்சி மாறினாலும் மடையில் கை வைக்காத மன்னர்!

பங்கீடு இப்படி: இந்த வாய்க்காலுக்கு இத்தனை கன அடி என்று நிரந்தரக் கணக்கு கிடையாது. ஆற்றில் வருகிற நீரில் இத்தனை பங்கு என்பதுதான் கணக்கு. ஆற்றில் பாதி வந்தால் எல்லோருக்கும் பாதி. வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் நடுவே கூரான கல் தடுப்பு. அதற்கு 'நாக்கு' என்று பெயர். ஷட்டர் இல்லை, சாவி இல்லை. நீரின் அளவு ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கல் அதே விகிதத்தில் பிரித்துவிடும். ராத்திரியில் யாரும் வந்து திருப்பிவிட முடியாது. மாணவி அங்கே எடுத்த படங்களில் பாதி இந்தக் கல் நாக்குகள்தான்.

வாய்க்காலுக்குள் முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். முறையைத் தவறவிட்டவர் அடுத்த சுற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். நீர் நிலத்தோடு சேர்ந்தது. நிலத்தை வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் விற்க முடியாது. முறையைப் பார்த்துக்கொள்ளக் காவலர் உண்டு. நம் ஏரிப் பாசனத்து நீர்க்கட்டி மாதிரி.

மாணவிக்கு வழிகாட்டிய ஆய்வாளர் ஒரு புத்தகத்தைப் படிக்கச் சொன்னார். 2009-இல் பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதியது. பொதுச் சொத்தை அரசோ தனியாரோ எடுத்துக்கொள்ளாமல், பயன்படுத்துகிறவர்களே காப்பாற்ற முடியும் என்பதற்கு வலென்சியாவையும் அதில் உதாரணம் காட்டுகிறார். பெனாச்செர், ஃபைத்தனார் வாய்க்கால்களின் பாசனதாரர்கள் 84 பேர் கூடி விதிமுறை எழுதிக்கொண்ட ஆண்டு 1435.

ஏழு வியாழன், ஒரு வழக்கும் இல்லை

அந்தக் கோர்ட்டில் வக்கீல் கிடையாது. எழுத்து மனு கிடையாது. காவலரிடம் சொன்னால் போதும், எதிராளிக்கு அடுத்த வியாழனுக்கு அழைப்பு போய்விடும். மூன்று முறை அழைத்தும் வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பு. வழக்குக்குரிய வாய்க்காலின் பிரதிநிதிக்குத் தீர்ப்பில் பங்கில்லை. தலைவர், யார் பேச வேண்டும் என்பதைக் காலை நீட்டிக் காட்டுவார். (கையால் காட்டினால் என்ன என்று மாணவி கேட்டதற்கு, வழக்கம் அப்படி என்றுதான் பதில் வந்தது.) அங்கேயே தணிந்த குரலில் கலந்து பேசி, அங்கேயே தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை. நாட்டின் சட்டமே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2009-இல் யுனெஸ்கோவும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

விசாரணை நடப்பது ஸ்பானிய மொழியில்கூட இல்லை. உள்ளூர் வலென்சிய மொழியில். செல்போனில் ஆறு மாதம் ஸ்பானிஷ் கற்றுப் போன மாணவிக்கு இது பெரிய ஏமாற்றம்.

இன்னொரு ஏமாற்றமும் இருந்தது. மணி அடித்ததும் கோர்ட் அலுவலர், பித்தளைக் கொக்கிக் கோலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் சொல்லி, அதில் குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா என்று உரக்கக் கேட்பார். பதில் இல்லை. அடுத்த பெயர். பதில் இல்லை. எட்டுப் பெயரும் முடிந்ததும் நீதிபதிகள் எழுந்து போய்விடுவார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். செல்போனை உயர்த்திப் பிடித்து நின்ற சுற்றுலாக்காரர்கள் "இவ்வளவுதானா?" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மாணவி போன ஏழு வியாழனும் இதே கதை.

சூஃபா வயலின் சொந்தக்காரர் அறுபதைத் தாண்டியவர். அவரிடம் மாணவி இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். வழக்கு வராததுதான் நல்ல கோர்ட்டுக்கு அடையாளம் என்பது அவர் கட்சி. வியாழக்கிழமை ஊர் பார்க்க அந்த வாசலில் நிற்பதைவிட, புதன்கிழமையே வாய்க்கால் கரையில் காவலர் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்வது மேல் என்றுதான் எல்லோரும் நினைப்பார்களாம். உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேருக்கும் மடை தெரியும், மண் தெரியும். அவர்களிடம் பொய் சொல்வது கஷ்டம்.

அன்று சாயங்காலம் மாணவி ஊருக்குப் பேசினார். அங்கே ஐந்து மணி என்றால் இங்கே இரவு எட்டரை.

"வக்கீலுக்கு எவ்வளவும்மா அங்க?"

"வக்கீலே கிடையாதுப்பா."

"அப்ப யாரு பேசுவா?"

"அவங்கவங்கதான்."

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த எட்டுப் பேரை யாரு போடுறது?"

"வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவங்களே கூடித் தேர்ந்தெடுக்குறாங்க."

"கடைமடைக்காரனும் அதுல உண்டா?"

"உண்டுப்பா."

வெள்ளமும் வாரிசும்

அங்கே எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். 1957 அக்டோபரில் துரியா பெருகி நகரத்தையே மூழ்கடித்தது. பிறகு ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். புதிய ஆறு வெட்டியது நல்ல விளைநிலத்தின் மேல். பழைய ஆற்றுப்படுகை இப்போது நீண்ட பூங்கா. பாலங்கள் அப்படியே நிற்கின்றன, கீழே தண்ணீருக்குப் பதில் மரங்கள். 2024 அக்டோபர் 29 அன்று பெய்த பெருமழையில் நகரின் மையப்பகுதி தப்பியது. புதிய ஆற்றுக்குத் தெற்கே இருந்த ஊர்கள் தப்பவில்லை. வலென்சியா மாகாணத்தில் 220 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எட்டு மாதம் கழித்தும் சுவர்களில் சேற்றுக் கோடு ஆள் உயரத்துக்கு மேல் இருந்ததை மாணவி பார்த்தார்.

சாலையும் கட்டடமும் வயலை அரித்துக்கொண்டேதான் வருகின்றன. இந்த வயல்வெளியைக் காக்க 2018-இல் தனிச் சட்டம் போட்டார்கள். 2019-இல் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் இதை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. பட்டியலில் ஏறிவிட்டது. ஆனால் சூஃபா வயல்காரரின் மகன் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறார், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குத்தான் வருகிறார். அந்தச் சாப்பாட்டுக்கு மாணவியையும் ஒருநாள் அழைத்தார்கள். அகன்ற இரும்புத் தட்டில் விறகடுப்பில் வெந்த பாயேயா சோறு. அடியில் பிடித்த காந்தலுக்குத்தான் அங்கே போட்டி. விருந்தாளி என்று பெரிய துண்டாகச் சுரண்டி வைத்தார்கள்.

புறப்படும்போது வயல்காரர் ஒரு பிடி சூஃபாக் கிழங்கை உறையில் போட்டுக் கொடுத்தார், ஊரில் நட்டுப் பார்க்கச் சொல்லி. மாணவி அறையிலேயே வைத்துவிட்டு வந்தார். இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் இல்லாமல் விதைக் கிழங்கு கொண்டுவர நம் 2003-ஆம் ஆண்டுப் பயிர்த் தனிமைப்படுத்தல் ஆணை இடம் கொடுக்காது. அது ஒருபக்கம். இதே இனத்தின் காட்டு வகை பல நாடுகளில் அடக்க முடியாத களை என்று அவர் படித்திருந்தார். இருக்கும் கோரை போதும்.

ஆகஸ்ட் கடைசியில் ஊர் வந்து சேர்ந்தபோது மேட்டூர் தண்ணீர் வந்திருந்தது, ஆனால் அப்பாவின் கடைசி வயலுக்கு ஏறவில்லை. கல் நாக்குப் படத்தை அப்பா செல்போனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். என்ன அகலம், என்ன உயரம் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வாய்தா. மாணவியும் கூடப் போனார். பதினொரு மணிக்குப் பெயர் கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நவம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். ஊருக்குப் பகல் ஒன்றரை மணிக்கு ஒரே பஸ். அப்பாவும் பங்காளியும் அதில்தான் திரும்பினார்கள், முன் இருக்கையில் ஒருவர், பின் இருக்கையில் ஒருவர். ஊர் முக்கில் இறங்கும்போது அப்பா செல்போனை எடுத்து, "இதைப் பாரு" என்று அந்தப் படத்தை அவர் பக்கம் நீட்டினார்.