பரணில் இருப்பது கட்டபொம்மன் காலத்துத் துப்பாக்கியா? பாஞ்சாலங்குறிச்சி சொல்லும் துப்பு!

தூத்துக்குடியின் உப்பளங்களைத் தாண்டி ஓட்டப்பிடாரம் பக்கம் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பாஞ்சாலங்குறிச்சி. இங்கே நாம் செல்ஃபி எடுக்கும் கோட்டை 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. நிஜக் கோட்டையை 1801-லேயே ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

1799 செப்டம்பரில் முதல் தாக்குதல். அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரை, கோட்டையை மீண்டும் எழுப்பினார். மே மாதம் அதுவும் வீழ்ந்தது. பாளையத்து வீரர்களிடம் இருந்தவை நீண்ட ஈட்டிகளும் திரி துப்பாக்கிகளும். கம்பெனிப் படையிடம் சக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. இரண்டிலுமே ஒரு முறை சுட்டால், குழல் வாய் வழியாக மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும்.

'எங்க வீட்டுல இருக்கறது அந்தச் சண்டையில பிடிச்ச துப்பாக்கி' என்று உங்கள் தாத்தாவும் சொல்லியிருக்கிறாரா? மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

குண்டு போகும் வழி: விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலை இழுத்தால் பின்பக்கம் திறக்கிறதா? அது மார்ட்டினி-ஹென்றி வகையாக இருக்கலாம். பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றதே 1871-ல்தான். கட்டபொம்மன் மறைந்து 72 வருஷம் கழித்து!

முத்திரை: விசைக்கு மேலே உள்ள இரும்புத் தகட்டைப் பாருங்கள். நான்காகப் பிரித்த இதய வடிவம், அதன் மேல் '4' போன்ற குறி இருந்தால் அது கிழக்கிந்திய கம்பெனியின் பழைய முத்திரை. காலம் பொருந்தலாம். பின்னங்காலில் நிற்கும் சிங்கம் இருந்தால், அது பெரும்பாலும் 1808-க்குப் பிந்தையது. கிரீடமும் 'வி.ஆர்.' எழுத்துகளும் இருந்தால், 1837-ல் பட்டத்துக்கு வந்த விக்டோரியா ராணியின் காலம்.

குழலின் உட்புறம்: சுழல் வரிகள் இருந்தால்தான் அது ரைஃபிள். 1801-ல் சாதாரண சிப்பாய் வைத்திருந்தது வழவழப்பான குழல்.

பாளையக்காரர்களின் நிஜமான ஆயுதங்கள் கிடைப்பது ஏன் இவ்வளவு அபூர்வம்? போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1-ல் ஆங்கிலேயர்கள் போட்ட பிரகடனம்தான் காரணம். ஈட்டி முதல் துப்பாக்கி வரை எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். கோட்டையோடு சேர்த்து ஒரு சீமையின் கைகளையே வெறுங்கைகளாக்கிய உத்தரவு அது.

உங்கள் துப்பாக்கி விக்டோரியா காலத்தது என்று தெரிந்தால் வருத்தம் வேண்டாம். 1878 ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு லைசென்ஸ் கட்டாயம் என்பதால், பழைய தாள் ஏதாவது பெட்டியில் கிடக்கலாம். அதில் உங்கள் குடும்பத்தின் கதை இருக்கும்.

முக்கியமான எச்சரிக்கை: தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், முத்திரை அழியும். விசையைத் தொடாதீர்கள், உள்ளே பழைய மருந்து இருக்கலாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு தருகிறது. சுடக்கூடியதென்றால் லைசென்ஸ் வேண்டும். சந்தேகமிருந்தால், நீங்களே முடிவு செய்யாமல் முதலில் காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.