தொட்டிக்குள் யாருடைய முறை?

நுண்ணோக்கியில் சின்னஞ்சிறு உயிர்களைப் பார்க்கும் எனக்கு ஏரித் தண்ணீரைவிட ஏரி மண்தான் முக்கியம். கோடையில் அம்பத்தூர் ஏரிக்கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் மண்ணில் ஒரு துண்டை எடுத்து, கண்ணாடித் தொட்டியில் போட்டு மழைநீரை ஊற்றினால் போதும். மோட்டார் வேண்டாம், மீனும் வேண்டாம். கொசுவலை மட்டும் கட்டாயம். டெங்கு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் மாநகராட்சி ஊழியரிடம் ஆராய்ச்சி என்று சொல்லித் தப்ப முடியாது. கப்பி மீன் விட்டால் கொசுப்புழுவோடு நாம் பார்க்க நினைத்ததும் அதன் வயிற்றுக்குள் போய்விடும்.

முதலில் தண்ணீர் கலங்கி நாறும். பாக்டீரியா பெருகுகிறது என்று அர்த்தம். வீட்டில் திட்டு விழும், கொட்டிவிடக் கூடாது. அதைத் தின்னச் சின்னஞ்சிறு கசையிழை உயிரிகள் வரும், அடுத்து பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரி. சுமார் கால் மில்லிமீட்டர்தான் என்றாலும், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெறும் கண்ணுக்கே வெள்ளைத் துகளாகத் தெரியும். அது மேலே படர்ந்த ஆடையை ஒட்டி மொய்த்துக்கொண்டிருக்க, அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதுகிறவர்கள் உண்டு. தேதியோடு இடத்தையும் குறிக்க வேண்டும்: ஆடை, நடு, சுவர், மண்.

சுவரில் ஒட்டி வாழ்பவற்றைப் பார்க்க ஒரு வழி உண்டு. தெர்மாகோல் துண்டைக் கீறி, கவர் ஸ்லிப்பைச் செருகி மிதக்கவிடுவேன். சில நாளில் வோர்ட்டிசெல்லா குடியேறிவிடும். ஒரு பக்கத்தைத் துடைத்து, மறுபக்கம் கீழே வரும்படி ஸ்லைடில் கவிழ்த்துவிட்டு மேசையை லேசாகத் தட்டுங்கள். காம்பு ஸ்பிரிங்காகச் சுருண்டு தலையைக் கீழே இழுக்கும். பிறகு அவசரமே இல்லாமல் நிமிரும். விளிம்பு முடிகள் மறுபடி சுழலும்.

பாரமீசியக் கூட்டம் திடீரென்று மறைந்தால் டிடினியத்தைத் தேடுவேன். பீப்பாய் போன்ற உடம்பு. தன்னைவிடப் பெரிய பாரமீசியத்தை முழுசாக விழுங்கும். 1930-களில் ரஷ்ய அறிஞர் காஸ் இரண்டையும் ஒரே குழாயில் வளர்த்தார். இரை தீர்ந்தது, பின்னாலேயே டிடினியமும் பட்டினியில் செத்தது. அடியில் வண்டல் இருந்த குழாயிலோ பாரமீசியம் ஒளிந்து பிழைத்தது. மண் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்கு இதுவும் காரணம்.

கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர்கள் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போடும் மொய்னா என்ற நீர்த்தெள்ளும் இந்த மண்ணிலிருந்து எழுந்து வருவதுண்டு. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் அதன் உடம்பு சிவக்கும். நெரிசலும் பட்டினியும் வந்தால், அதுவரை பெண்களாகவே பெற்றுவந்தது ஆண்களையும் பெறும். தடித்த ஓட்டுக்குள் முட்டைகளை வைத்து அடியில் விட்டுவிடும். மண் காய்ந்தாலும் அவை உயிரோடு காத்திருக்கும். 2019-இல் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டபோது செத்த ஏரி என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை ஒப்பவில்லை. கூரைத் தாரையில் காய்ந்து கிடந்த தூசியில் தண்ணீர் விட்டதும் ரோட்டிஃபர் என்ற நுண் விலங்குகள் நகரத் தொடங்கியதை நுண்ணோக்கி முன்னோடி லேவன்ஹூக் 1702-லேயே எழுதிவிட்டார்.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்ட மழைநீர், இல்லாவிட்டால் ஆர்.ஓ. தண்ணீர். போர் தண்ணீரை ஊற்ற ஊற்ற உப்பு ஏறும். லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கும். தொட்டி சலித்துவிட்டால் அப்படியே காயவிடுங்கள். மண்ணைச் செய்தித்தாளில் மடித்து, எந்த ஏரி மண், அம்பத்தூரா பருத்திப்பட்டா என்று மாதத்தோடு எழுதி வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் அழுகிவிடும்.