பேனலுக்கும் தாகம் எடுக்குமா?

வெயில் ஏற ஏற சோலார் பேனலில் கரண்ட்டும் ஏறும்னு தானே நினைச்சுக்கிட்டு இருக்கோம்? பாதிதான் சரி. பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது :-)

பேனல் மேல எழுதியிருக்கிற வாட் கணக்கு, உள்ளே இருக்கிற செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. அதுக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும். இங்கே அகமதாபாத்தில் மே மாசம் 44 டிகிரி சர்வசாதாரணம். 2016-ல் 48-ஐயே தொட்டுச்சு. அந்த மாதிரி மதியத்தில் செல் 70 டிகிரி வரைக்கும் போயிடும். 18 சதவீதம் காலி!

இந்தக் கணக்கையெல்லாம் போட வெச்சவர் பக்கத்து வீட்டு காகா. எழுபது தாண்டினவர், பையன் கனடாவில். மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கார். உச்சி வெயில்ல பைப் பிடிச்சு பேனல் மேல தண்ணி அடிச்சுட்டு, "பாரு பேட்டா, மீட்டர் ஏறுது"ன்னார். உண்மைதான், ஏறுது. அடுத்து, அரை ஹெச்பி மோட்டார் வெச்சு மதியம் பூரா தெளிக்கலாமான்னு கேட்டார்.

செல்லை 70-லிருந்து 45-க்கு இறக்கினா 10 சதவீதம், அதாவது 300 வாட் மிச்சம். ஆனா அரை ஹெச்பி மோட்டார் தின்கிறதே 370 வாட்டுக்கு மேல! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் ஒரு நிமிஷம் மட்டும் ஓட்டினா லாபம் வரும். கண்ணாடி மேல நிக்கிற ஈரம் ஆவியாகும்போது, மண்பானை மாதிரி, சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். அப்பவும் நாளைக்கு ஒரு யூனிட்டுக்குள்ளதான்.

கோடைக்கு ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த அப்பா இதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தார். "அந்த ஒரு யூனிட்டுக்கு எத்தனை குடம்டா?"

வழியுற தண்ணியைச் சேர்த்துத் திரும்ப விட்டாலும், ஆவியாகிறது மட்டும் ரெண்டு குடமாவது வரும். சேர்க்கலைன்னா சாக்கடைக்குப் போறது பல மடங்கு.

"உங்க அப்பத்தா ஒரு குடத்துக்கு ரெண்டு மைல் நடந்தா"ன்னார். அதுக்கு மேல பேசலை.

இங்கே போர் தண்ணி உப்பு வேற. காய்ஞ்சா கண்ணாடியில் வெள்ளையா படியும், வெளிச்சத்தை மறைக்கும். ஆர்ஓ மெஷினில் கழியுற தண்ணியை ஊத்தலாம்னு நினைக்காதீங்க, அதில் உப்பு இன்னும் ஜாஸ்தி. கொதிக்கிற கண்ணாடியில் திடீர்னு பச்சைத்தண்ணி பட்டா விரிசல் விடவும் வாய்ப்பிருக்கு.

தண்ணியும் பேனலும் ஒத்துப்போற இடம் இருக்கு. மெஹ்சானா மாவட்டம் சந்திராசனில் 2012-ல் நர்மதா கிளைக் கால்வாய்க்கு மேலேயே பேனல் போட்டாங்க. கீழே ஓடுற தண்ணி பேனலைக் கொஞ்சம் குளிர்விக்குது, பேனல் நிழல் தண்ணி ஆவியாகிறதைக் குறைக்குது. ஒரு சொட்டு இறைக்க வேண்டாம்.

எனக்கு கரண்ட்டை விட பெரிய கவலை காகாதான். இந்த ஊர் மொட்டை மாடியில் சைனா மொசைக், ஈரமானா வழுக்கும். விழுந்தா தூக்க ஆளில்லை. வெயில் இருக்கிற வரை பேனல் ஒயரில் மின்சாரமும் நிக்காது. எல்லாத்தையும் சொன்னேன். இப்ப வாரம் ஒருநாள், விடியற்காலை ஆறு மணிக்கு, ரெண்டு பக்கெட் நல்ல தண்ணியில் நானே துடைச்சு விடுறேன். குஜராத் தூசி போனாலே கரண்ட் நல்லா ஏறுது.

2024-ல் வந்த பிஎம் சூர்ய கர் மானியத்தில் ஊரில் அப்பா அம்மா வீட்டுக்கு பேனல் போட்டுக் கொடுத்திருக்கீங்களா? போடும்போதே அடியில் காத்து போக இடைவெளி விடச் சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி போன் பண்ணும்போது, மதியத்தில் யாராவது பைப்போட மாடி ஏறுறாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க.