பாவாதமலையில் கிடைத்த பை

கொஞ்சம் நீளமான பதிவு. ஹட்டனிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

தரம் 8 பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை கடைசிப் பாடவேளையில் கதை சொல்கிறோம். இரண்டு ஆசிரியர்கள் மாறி மாறிச் சொல்வோம். இந்தத் தவணைக்கு எடுத்தது அமீர் ஹம்சா கதை. மூன்றாம் வாரம் ஒரு வாப்பா வந்தார். கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அதிலேயே விஷயம் பெரிது என்று விளங்கியது. "சேர், ஜின்னும் சூனியமும்தான் இப்ப பாடமா? மகன் ராவைக்குப் படுக்கையில மந்திரக் கோட்டையப் பத்தித்தான் கதைக்கிறான். ஓதுறதில கவனமே இல்ல" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. கோபமென்றால் அங்கேயே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்போம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம். பாரசீகத்தில் தொடங்கி, உருது, மலாய் என்று முஸ்லிம்கள் வாழ்ந்த இடமெல்லாம் வளர்ந்த கதை இது. அக்பர் பாதுஷா இதற்கு 1400 ஓவியங்கள் வரையச் செய்தார். 1511இல் போர்த்துக்கேயர் மலாக்காவைத் தாக்க வந்தபோது, போருக்கு முந்தின இரவில் படிக்க சுல்தான் முதலில் கொடுத்த கதை இதுதான் என்று மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. லக்னோவில் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் இதை 46 பாகங்களாகப் போட்டது. அதில் 'திலிஸ்ம்' என்று ஒன்று வரும். சூனியக்காரர்கள் கட்டிய மாய உலகம். உள்ளே போனால் வழி தெரியாது. ஒன்றை உடைத்து வெளியே வந்தால் அடுத்தது காத்திருக்கும்.

அந்த உலகங்களுக்குள் போகிறவர்கள் யார்? அமீர் மட்டும்தான் பெரிய வீட்டுப் பிள்ளை. முக்பில் ஓர் அடிமையின் மகன். அம்ர் ஓட்டகம் மேய்ப்பவரின் மகன், பார்த்தாலே சிரிப்பு வரும் உருவம், அதோடு திருட்டுக் கை. தொட்டிலில் கிடக்கும்போதே பெரியவரின் மோதிரத்தைக் கழற்றிக்கொண்டவன். பிறகு சேரும் லந்தூர் ஒரு ராட்சத உருவம். அவன் எந்த ஊர் அரசன் தெரியுமா? சரந்தீப். நம்முடைய இலங்கை! இதைச் சொன்னதும் வகுப்பு கைதட்டியது.

இன்னொன்றும் உண்டு. அம்ரிடம் 'ஸன்பீல்' என்று ஒரு பை இருக்கும். எதைப் போட்டாலும் உள்ளே போய்விடும், எதைக் கேட்டாலும் வெளியே வரும். ஊர்களும் ஆட்களும்கூட அதற்குள் அடக்கம். அந்தப் பை அவனுக்குக் கிடைத்தது சரந்தீபில், ஆதம் நபியின் பாதம் பதிந்த மலையில் என்று கதை சொல்கிறது. நம் பாவாதமலை. பிள்ளைகளில் பாதிப் பேருக்கு சிவனொளிபாதமலை, சிங்களப் பிள்ளைகளுக்கு ஸ்ரீபாத. சீசனில் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி நல்லதண்ணிக்கு பஸ் ஏறும் கூட்டத்தை இவர்கள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறார்கள். சிந்துபாத் ஆறாவது பயணத்தில் வந்த மலையும் அதுதான், 1344இல் இப்னு பதூதா ஏறியதும் அதுதான். மாய உலகம் என்றால் பனி பெய்யும் வெள்ளைக்காரன் நாடு என்று நினைத்திருந்த பிள்ளைகள் அன்று ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மூடுபனியில் மலை தெரியவில்லை, அது வேறு விஷயம்.

வாப்பாவின் பயத்துக்கு வருவோம். அவர் சொன்னதில் மார்க்க ஆதாரம் இல்லாமல் இல்லை. மக்காவில் நழ்ர் இப்னு ஹாரிஸ் என்பவன் ருஸ்தும், இஸ்ஃபந்தியார் கதைகளைச் சொல்லி மக்களைக் குர்ஆனிலிருந்து திருப்பப் பார்த்தான். லுக்மான் சூராவின் 6ஆம் வசனத்துக்கு விளக்கம் எழுதியவர்கள் அவனைக் குறிப்பிடுகிறார்கள். கதை ஆளை இழுத்துக்கொண்டு போகும் என்பது உண்மை. நாங்களே ராவிருட்டிக் கதை வாசித்து சுபஹைத் தவறவிட்டவர்கள்தான். ஆனால் அதே குர்ஆனில் யூசுப் நபியின் வரலாறு ஒரு முழு சூராவாக இருக்கிறது. குகைத் தோழர்களும், மூஸா நபி ஹிள்ரைத் தேடிப் போன பயணமும் வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் கஹ்ஃப் சூராவில்தான் இருக்கின்றன. கண்டியில் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை, முஸ்லிம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பாடசாலைகளுக்காக ஓடித்திரிந்த மனிதர், 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். பெற்றோரைப் பிரிந்து தூர தேசத்தில் வளரும் எகிப்துப் பிள்ளையின் கதை. கதை வீண் என்றிருந்தால் அவர் அந்த நேரத்துக்கு இன்னும் பத்து வழக்குகளைப் பேசியிருப்பார்.

சூனியம் பற்றி அவரிடம் ஒன்று சொன்னோம். இந்தக் கதையில் சூனியம் செய்பவர்கள் எதிரிகள். அமீர் மந்திரம் கற்பதில்லை, இறைவனின் பெயரைச் சொல்லித்தான் நிற்கிறார். கூட்டாளிகள் வெல்வது வேஷம் போட்டும், ஏமாற்றியும், ஒருவரை ஒருவர் விட்டுப் போகாமலும்தான்.

ஒரு விஷயத்தில் நாங்கள்தான் பிழை. ஹிஜ்ரி 3இல் உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் பெயரைத்தான் அந்தக் காலத்துக் கதைசொல்லிகள் தங்கள் வீரனுக்கு வைத்தார்கள். அந்தப் பிள்ளை இரண்டையும் ஒன்றாக்கி, வீட்டில் "ஹம்ஸா ரலி பேய்களோட சண்டை பிடிச்சாங்க" என்று சொல்லியிருக்கிறான். வாப்பா பயந்ததில் ஆச்சரியமே இல்லை. முதல் நாளே பிரித்துச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அடுத்த வியாழன் அரைப் பாடவேளை ஸஹாபியின் உண்மை வரலாற்றுக்குப் போனது. இப்போது எங்கள் கதையில் வெறும் 'அமீர்' மட்டும்தான்.

அன்று மிச்ச நேரத்தில் ஒரு கேள்வி கொடுத்தோம்: அந்தப் பை உங்களிடம் இருந்தால் எதை எடுப்பீர்கள்? கொப்பியில் எழுதச் சொன்னோம். ஃபோன், சைக்கிள், கிரிக்கெட் மட்டை என்று எழுதியிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வரும் ஒரு மகள் 'லயத்துக்குப் பதிலா தனி வீடு, ஜன்னல் வெச்சது' என்று எழுதி, படமும் கீறியிருந்தாள். திக்கித் திக்கிப் பேசுகிறான் என்பதால் யாரும் விளையாட்டுக்குச் சேர்க்காத ஒரு மகன் இருக்கிறான். அவன் ஒரே வார்த்தை எழுதியிருந்தான்: 'உம்மா'. இரண்டு வருஷம் என்று சொல்லித்தான் உம்மா சவூதிக்குப் போனார். இப்போது ஐந்தாவது வருஷம் நடக்கிறது.

கதையில் அமீர் காஃப் மலைக்கு அப்பால் உள்ள உலகத்துக்குப் பதினெட்டு நாள் என்று சொல்லிப் போவார். அது பதினெட்டு வருஷமாகிவிடும். அந்தக் கட்டத்தில்தான் இப்போது நிற்கிறோம். போன வியாழன் மணி அடித்த பிறகு அந்த மகன் மேசைக்கு வந்து நின்றான். வார்த்தை வர நேரமெடுத்தது, காத்திருந்தோம். "சேர், அவர் திரும்பி வருவாரா?" என்று கேட்டான். கடைக்கார வாப்பாவின் மகன் பையைத் தோளில் போட்டபடி வாசலில் அவனுக்காக நின்றுகொண்டிருந்தான்.

வருவார் என்று சொன்னோம். எப்படி என்பதை வரும் வியாழன் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தானும் வந்து கடைசி வாங்கில் இருந்து கேட்கலாமா என்று அந்த வாப்பா கேட்டிருக்கிறார். வேறு யாராவது வர விரும்பினால் அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். பாடவேளை நாற்பது நிமிஷம்தான்.