மளிகை நோட்டின் கடைசி வரி

பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் மளிகை நோட்டு கிடைத்தது. நாற்பது பக்க நோட்டு. தொண்ணூறுகளின் நடுவில் எழுதியது. சாமான், எடை, விலை, கடை என்று நாலு கட்டம். கடைக்கு ஒற்றை எழுத்துதான்: 'செ' என்றால் செட்டியார் கடை, 'ச' என்றால் சந்தை, 'ரே' என்றால் ரேஷன். ஒரே மாதத்தில் புளி 'ச'வில், கடுகு 'செ'யில், சர்க்கரை 'ரே'யில். அப்போது யாரும் இதை விலை ஒப்பீடு என்று சொன்னதில்லை. 'பாத்து வாங்கறது' என்று சொல்வார்கள்.

ஒவ்வொரு மாதக் கணக்கின் கீழேயும் ஒரே வரி: 'சபைக்கு அரிசி, 2 படி.' விலைக் கட்டத்தில் ஒன்றும் இல்லை. விட்டுப்போனது என்று முதலில் நினைத்தேன். எல்லா மாதமும் விட்டுப்போகாதே.

*

புது நோட்டு ஒன்று வாங்கி நானும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். அம்மாவின் நாலு கட்டத்தோடு ஐந்தாவதாக ஒன்று: 'வீணானது.' இரண்டு மாதத்தில் அதிகம் நிரம்பிய கட்டம் அதுதான்.

*

கூப்பன் கதை. கடலூரில் ஒரு பெரிய கடை. 1,500 ரூபாய்க்கு வாங்கியதற்கு 100 ரூபாய் கூப்பன் தந்தார்கள். பதினைந்து நாளுக்குள் போக வேண்டும். 1,000 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும். பின்பக்கம் பொடி எழுத்தில்: அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை கணக்கில் சேராது. மளிகையிலிருந்து அந்த நாலையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன, மளிகைக் கடையின் வாசனைதான்.

எனக்கு வேண்டியிருந்த மற்ற சாமான் 620 ரூபாய்க்கு வந்தது. ஆயிரத்தைத் தொடுவதற்காக பாஸ்தா சாஸ், தரை துடைக்கும் திரவம், ஓட்ஸ் பிஸ்கட் என்று கூடையில் போட்டேன். பில் 1,010. கூப்பன் போக 910. நூறு ரூபாய் மிச்சம் என்று வீட்டில் சொன்னேன். 'அறுநூத்து இருபதோட வந்திருந்தா?' என்றாள் மனைவி. சாஸ் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவில் நிற்கிறது, திறக்கப்படாமல்.

*

கூப்பனின் நல்ல வம்சம் ஒன்றும் உண்டு. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் நெசவாளர்களும் மற்றத் தொழிலாளர்களும் காசு போட்டுக் கூட்டுறவுக் கடை திறந்தார்கள். கலப்படமில்லாத மாவு, வெண்ணெய், சர்க்கரை. லாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப உறுப்பினருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அந்த யோசனை கடல் தாண்டி வந்து 1904-ல் சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை ஆனது. டி.யு.சி.எஸ். என்றால் பழைய சென்னைவாசிகளுக்குத் தெரியும்.

கூட்டுறவுக் கடை, நீயும் கடைக்காரன் என்பதால் திருப்பித் தந்தது. இன்றைய கூப்பன், நீ மறுபடி வர வேண்டும் என்பதற்காகத் தருகிறது. ஒன்று பங்கு, மற்றது தூண்டில் புழு. புழுவும் சாப்பாடுதான், கொக்கியைப் பார்த்துச் சாப்பிட்டால்.

*

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்த கூப்பன், பொங்கலுக்கு ரேஷன் கடைக்காரர்கள் வீடு வீடாகக் கொடுக்கும் டோக்கன். நாள், நேரம் போட்டிருக்கும். 2024-ல் ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக் கரும்பு, ஆயிரம் ரூபாய். 'இத்தனைக்கு மேல் வாங்கினால்' என்ற வரி அதில் இல்லை.

*

ரேஷனை விட்டுவிட்டு விலை ஒப்பிடுவது, அஸ்திவாரத்தை விட்டுவிட்டு வீடு அளப்பது மாதிரி. அரிசிக் கார்டுக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் பாக்கெட் 25 ரூபாய். விலை இன்றும் அதேதான். சர்க்கரை மட்டும் 2017-ல் கிலோ 13.50-லிருந்து 25 ஆனது.

வெளியில் துவரம்பருப்பு நூறைத் தாண்டி எத்தனையோ நாளாயிற்று. மாதம் ஒரு கிலோ ரேஷன் பருப்பைத் தவறாமல் வாங்குகிறவருக்கு வருஷத்தில் மிஞ்சும் பணத்தை எந்தக் கடையின் பாயிண்ட் அட்டையும் தராது. ஆனால் பருப்பு வரும் நாள் தெரிய வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அது எப்படியோ முதலில் தெரிந்துவிடுகிறது. 'பருப்பு வந்துடுச்சு, ஓடு' என்ற அந்தக் குரல்தான் எங்கள் தெருவின் ஆஃபர் அறிவிப்பு.

(ரேஷனில் வாங்காத சாமானுக்குச் செல்போனில் குறுஞ்செய்தி வந்தால் புகார் எண் 1967-க்கு அடிக்கலாம். குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழிப்பவர்களுக்காக இந்த அடைப்புக்குறி.)

*

எண்ணெய் பாக்கெட். இன்று அலமாரி முன்னால் நின்று செய்த கணக்கு.

ஒன்று: 1 லிட்டர், 910 கிராம், 182 ரூபாய். கிராம் 20 காசு.
இன்னொன்று: அதே உயரம், அதே மஞ்சள், 850 கிராம், 174 ரூபாய். கிராம் 20.47 காசு.

எட்டு ரூபாய் மலிவாகத் தெரிந்தது உண்மையில் விலை கூடியது. 910 கிராமுக்குக் கணக்குப் போட்டால் 186 ரூபாயைத் தாண்டுகிறது. லிட்டர் என்று நாம் கண்ணால் வாங்குகிறோம். பாக்கெட்காரர் கிராமில் விற்கிறார்.

இப்போது பாக்கெட்டில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்றும் அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் கிராம் விலை, மேலே என்றால் கிலோ விலை. எறும்பு எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியைப் படிக்கத்தான் நான் மூக்குக்கண்ணாடி எடுத்துப் போகிறேன்.

*

பெரிய பாக்கெட் மலிவு என்பது எப்போதும் சரியில்லை. சீயக்காய்த்தூள், ஷாம்பு, காப்பித்தூள் மூன்றிலும் சின்னப் பாக்கெட் மலிவாக இருந்ததைப் பார்த்துவிட்டேன். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயில் போட்டிதான் அதிகம்.

*

வீட்டில் கேட்டார்கள்: அரிசிச் சிப்பம் என்றால் 25 கிலோதானே, இதென்ன 26? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட்டில் பெயர் அச்சடித்து விற்கும் அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. அதற்கு மேல் எடை என்றால் வரி இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்டினார்கள். அரசாங்கம் கோடு போட்டால் வியாபாரி கோலம் போட்டுவிடுவார். சிப்பத்தை ஒப்பிடும்போது 26-ஆல் வகுக்க மறக்கக் கூடாது.

*

2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட்டுக்கு வரி 18-லிருந்து 5 ஆனது. நெய், வெண்ணெய் 12-லிருந்து 5. அந்த வாரம் அட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் மட்டும் விலையைக் குறைத்தால் சில்லறைக்கு எங்கே போவது. எடையைத்தான் கூட்ட முடியும். இத்தனை நாள் விலை ஏறாமல் எடை இறங்கிய பாக்கெட் அது. திரும்பி ஏறுகிறதா என்று எழுதி வைத்திருக்கிறேன்.

*

சந்தையில் ஒப்பிடவே முடியாத ஒரு பொருள் கூறு. கத்தரிக்காய் கூறு இருபது. ஒரு கூறில் பத்துக் காய், பக்கத்துக் கூறில் எட்டு, ஆனால் எட்டும் இளசு. இதற்குக் கிலோ விலை கண்டுபிடிக்க எந்தச் செயலியாலும் ஆகாது. கண்தான் தராசு. காலையில் இருபது, வெயில் ஏறினால் பதினைந்து, சாக்கை மடிக்கும் நேரத்தில் 'ரெண்டு கூறா எடுத்துக்கோ, இருபது குடு.'

கடலூர் உழவர் சந்தையில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்த நாளிலிருந்து உள்ள வழக்கம். வாங்கப் போகாவிட்டாலும் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வெளியே வாங்குகிறவர்களைத் தெரியும். நானும் ஒருவன்.

*

கொசுறு. தமிழனின் ஆதித் தள்ளுபடி. காய் வாங்கினால் ஒரு பிடி கறிவேப்பிலை, நாலு பச்சை மிளகாய், கொத்தமல்லி ஒரு கொத்து. கேட்காவிட்டாலும் கூடைக்கார அம்மா போட்டுவிடுவார். பெரிய கடையில் கறிவேப்பிலைக்கும் பட்டைக்கோடு ஒட்டிப் பில் போடுகிறார்கள். கொசுறை மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தேன்: சாம்பார், ரசம், சட்னிக்கு வேண்டிய கறிவேப்பிலை மொத்தமும் அதிலேயே வந்துவிடுகிறது.

*

போக்குவரத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். நெய்வேலிப் பக்கம் போனால் எண்ணெயில் ஆறு ரூபாய், சோப்பில் நாலு ரூபாய் குறைகிறது. என் பைக் பெட்ரோலைப் போட்டால் அது கரைந்துவிடும். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு விலை: நான் வாங்கினால் ஒன்று, மனைவி வாங்கினால் ஒன்று. 'அப்ப நீங்க வீட்டுல சாதம் வடிச்சு வைங்க' என்றாள். நியாயம்தான்.

*

முந்திரி. பண்ருட்டிக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு பெரிய கடையின் பளபளப்பான டப்பாவில் முந்திரி வாங்குவது பாவம். முழுப் பருப்புக்கு 240, 320 என்று எண் சொல்வார்கள். ஒரு பவுண்டு எடைக்கு ஏறக்குறைய எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் கூடினால் பருப்பு சிறிசு, விலை குறைவு. அதற்கும் கீழே பாதி, அதற்கும் கீழே துண்டு. சர்க்கரைப் பொங்கலுக்குத் துண்டு போதும். நெய்யில் வறுத்த பிறகு முழுசா உடைசலா என்று நாக்கு கேட்பதில்லை.

மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் அப்படித்தான். அறுவடை நேரத்தில் தோலோடு வாங்கி, காயவைத்து, சாயங்காலம் எல்லாரும் உட்கார்ந்து உரித்தால் விலை வேறு. உரிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

*

தெருமுனைக் கடைக்காரரிடம் பெரிய கடையின் விலையைச் சொன்னேன். சிரித்தார். 'சார், பருப்புல ரெண்டு ரூபா நானும் கொறைக்கிறேன். ஆனா ரொக்கத்துக்கு அங்க, கடனுக்கு இங்கன்னு பிரிக்காதீங்க.'

சுருக்கென்று இருந்தது. இருபத்தைந்தாம் தேதிக்கு மேல் சிட்டையில் எழுதிக்கொண்டு புளியும் பாலும் கொடுப்பவர் அவர். வட்டி கிடையாது. அவர் கடை மூடினால் அந்தக் கடைசி ஐந்து நாளுக்கு நான் கிரெடிட் கார்டைத் தேய்க்க வேண்டும். ஒப்பீட்டு நோட்டில் இதற்கும் ஒரு கட்டம் போடலாம். அவர் பருப்பையே வாங்கினேன்.

*

விலையை மட்டும் நம்பி வளர்ந்த கடை என்றால் சுபிக்ஷா நினைவுக்கு வருகிறது. 1997-ல் சென்னையில் தொடங்கியது. ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை, எம்.ஆர்.பி.யைவிடக் குறைவு என்பதே அழைப்பு. நாடு முழுக்க 1,600 கடை வரை போய், 2009-ல் கையில் ரொக்கம் வற்றி மூடிக்கொண்டது. மலிவாக விற்பதற்கும் யாரோ விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

*

சில சில்லறை விதிகள், எனக்காக:

பசியோடு கடைக்குப் போகாதே. பட்டியல் இல்லாமல் போகவே போகாதே.

'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்றால் முதலில் தேதியைப் பார். இரண்டாவது பாக்கெட் ரவையில் வண்டு வைத்த மாதம் நினைவிருக்கட்டும்.

பில்லைக் கவுண்டரிலேயே படி. அலமாரியில் 85, பில்லில் 92 என்று ஒருமுறை வந்தது. சொன்னதும் திருத்தினார்கள். சொல்லாதவர்களுக்கு 92தான்.

மஞ்சப்பை எடுத்துப் போ. பை விற்கும் கடையில் பைக்கும் கூப்பன் கிடையாது.

எம்.ஆர்.பி.யில் எவ்வளவு குறைவு என்று பார்க்காதே. போன மாதம் நீ கொடுத்ததில் எவ்வளவு குறைவு என்று பார். எம்.ஆர்.பி.யை எழுதியவர் பாக்கெட்காரர். நோட்டை எழுதியது நீ.

*

இரண்டு மாதக் கணக்கைக் கூட்டியாயிற்று. கூப்பன், பாயிண்ட், செல்போன் கேஷ்பேக் எல்லாம் சேர்த்து மிச்சம் 214 ரூபாய். 'வீணானது' கட்டத்தில், அழுகிய தக்காளி, வண்டு வைத்த ரவை, கெட்டித்துப்போன மசாலா, அந்தச் சாஸ் சேர்த்து 690 ரூபாய். கடைகடையாக அலைந்து அள்ளியதை அடுக்களையில் கொட்டியிருக்கிறேன். அம்மா நோட்டில் இந்தக் கட்டம் இல்லாததன் காரணம் இப்போது புரிகிறது. போட்டிருந்தாலும் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

*

என் அக்காவிடம் போனில் கேட்டேன், அம்மா நோட்டின் அந்தக் கடைசி வரியைப் பற்றி. சபை என்று எழுதியிருந்தாலும் அரிசி போனது, பசித்தவர்களுக்குச் சோறு போடும் வடலூர் தருமசாலைக்கு என்றாள். 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அங்கே இன்னும் அணையவில்லை. வடலூரில் யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. தினமும் உலை வைக்குமுன் அம்மா ஒரு பிடி அரிசி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதப் பூசத்துக்கு அளந்தால் இரண்டு படி, தலை கட்டி.

'அது என்ன அரிசி?' என்றேன்.

'பொன்னிதான். நமக்கு இட்லிக்கு ரேஷன் அரிசி ஊறப்போடுவாங்க. அந்தப் பானையில அதப் போட விடமாட்டாங்க.'

அந்த நாளில் எட்டணா குறைவுக்குச் செட்டியார் கடையை விட்டுச் சந்தைக்கு நடந்தவர். புது நோட்டை எடுத்து இந்த மாதக் கணக்கின் கீழே ஒரு வரி எழுதினேன். விலைக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடினேன்.