பாட்டும் வில்லும் ஒரே ஆளுக்கு

பாடிக்கொண்டே வயலின் வாசிக்கப் பழக்கிவிடுங்கோ என்று ஒஸ்லோவில் என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது தாடையை. கர்நாடக முறையில் சம்மணமிட்டு, சுருட்டையை வலது காலில் ஊன்றி, நெஞ்சோடு வயலினை அணைத்துக்கொள்கிறோம். தாடைக்கு வேலையில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் குரு வில் போட்டபடியே வர்ணத்தைப் பாடிக் காட்டுவார். மேற்கத்திய முறையில் நின்று வாசிக்கும்போது தாடைக்கும் தோளுக்கும் நடுவில் வாத்தியம் நிற்கிறது. அந்த நிலையில் வாயைத் திறந்தால் வயலின் சரியும், தாடையை இறுக்கினால் குரல் மூக்கால் போகும்.

அலெக்சாண்டர் ரிபாக் இதை எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கோ. 2009இல் மொஸ்கோவில் நடந்த யூரோவிஷனில் நோர்வேக்காக அவர் வென்ற பாட்டை எழுதியதும் மெட்டுப் போட்டதும் அவரேதான். அதனால் எங்கே வாய், எங்கே வில் என்று பங்கு பிரிப்பதும் அவர் கையிலேயே இருந்தது. தொடக்கத்தில் வயலின் பேசுகிறது. பிறகு வாத்தியம் கீழே இறங்குகிறது, குரல் ஏறுகிறது. குரல் ஓய்ந்த இடத்தில் வில் திரும்ப வருகிறது. கேட்பவருக்கு இரண்டும் சேர்ந்தே நடந்ததுபோல் இருக்கும். மற்றவர் போட்ட பாட்டை எடுத்துக்கொண்டு வயலினை இடையில் செருகப் பார்க்கிற பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். வயலின் தோளுக்கு ஏற ஒரு அட்சரமாவது வேண்டும், மூச்சை விட்டு எடுக்க இன்னொன்று. பாட்டில் அந்த இரண்டு அட்சரமும் இல்லையென்றால் எந்தச் சாமர்த்தியமும் உதவாது. ஏற்றும்போதே இடக்கை விரல் முதல் ஸ்வரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தேடிப் பிடிக்க நேரமிருக்காது.

யூரோவிஷனில் இன்னொரு சங்கதி உண்டு. 1999இலிருந்து அங்கே ஓகெஸ்ட்ரா கிடையாது. வாத்தியமெல்லாம் முன்பே பதிந்த டிராக், முதன்மைக் குரல் நேரடி. 1995இல் டப்ளினில் நோர்வேக்கு வெற்றி தேடித்தந்த வயலின், ஃபியோனுவாலா ஷெரியின் வயலின், ஓகெஸ்ட்ராக் காலத்தது. ரிபாக் காலத்தில் மேடையில் வில் போடுவது கண்ணுக்காக மட்டுந்தான். "அப்ப அது நடிப்புத்தானே" என்று சிரிப்பார்கள். டிராக்கோடு மேடையேறிப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். ரிபாக் வென்ற வருடம் 42 நாடுகள் போட்டியிட்டன. அத்தனை நாட்டு வயலின் வாத்திமாரும் வலக்கையைத்தான் பார்த்திருப்பார்கள். பதிவில் கீழ்வில் விழுந்த இடத்தில் மேடையிலும் கீழ்வில்லே விழ வேண்டும். பக்கத்தில் நோர்வேயின் ஹாலிங் ஆட்டக்காரர்கள் குதிக்கிறார்கள், இவரும் துள்ளுகிறார், அதே மூச்சில் நேரடியாகப் பாடவும் வேண்டும்.

என் மாணவி ஒருத்தி, தானே வாசித்துப் பதிந்த டிராக்குக்குக் கலைவிழாவில் பாடினாள். பாட்டு நன்று. ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மம்மா, "வில்லு ஒருபக்கம் போகுது, சத்தம் மற்றப்பக்கம் வருகுது" என்றுவிட்டார். பதிவு செய்யும்போது வில்லின் போக்கை அவள் குறித்து வைக்கவில்லை. இப்போது என் மாணவர்களின் கொப்பியில் பாட்டு வரிக்கு மேலே மேல்வில், கீழ்வில் குறி இல்லாமல் பதிவே கிடையாது. டிராக் மேடைக்கு இரண்டாவது வில் ஒன்றும் வைத்திருக்கச் சொல்வேன். அதன் ரோமத்தில் ரோசின் படவே கூடாது. ரோசின் காணாத ரோமம் தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும். எவ்வளவு இழுத்தாலும் மைக்கில் கீச்சென்று ஒன்றும் ஏறாது.

ரிபாக் மொஸ்கோவில் எடுத்த 387 புள்ளி என்பது அன்றைக்குச் சாதனை. எனக்கு அந்த எண்ணைவிட அதற்கு முன்னாலான வருடங்கள்தான் பெரிது. மின்ஸ்க்கில் பிறந்தவர். தகப்பன் வயலின், தாய் பியானோ. ஐந்து வயதில் வில் பிடித்தார், பிறகு ஒஸ்லோவின் பராட் டூ இசைக்கூடத்தில் பழகினார். 2006இல் சொந்தப் பாட்டோடு ஒரு தொலைக்காட்சிப் போட்டியை வென்றார். மொஸ்கோவில் பாடியபோது வயது 23. மூன்று நிமிடப் பாட்டுக்குப் பின்னால் பதினெட்டு வருட வில்.

2018இல் லிஸ்பனில் நடந்த யூரோவிஷனுக்கு மறுபடி போனார். அரையிறுதியில் முதலிடம், இறுதியில் பதினைந்தாவது. கை அதே கைதான். ஆனால் அந்தப் பாட்டில் வயலின் பாட்டோடு பேசவில்லை, அலங்காரத்துக்கு நின்றது என்பது என் கணிப்பு. எந்தப் போட்டியிலும் பாட்டுக்குத் தேவைப்படாத வில் எடுபடாது.

ஆகவே போட்டிக்குப் பெயர் கொடுக்க அவசரப்படாதேயுங்கோ. வெறுந்தந்தியில் நீள வில் போட்டு, ஒரு வில்லுக்கு எட்டு அட்சரம் நடுக்கமில்லாமல் நிற்கிற அன்றைக்கு வாருங்கோ. பாட்டை அதற்குப் பிறகு தொடங்குவோம்.