பலாவுக்குப் பூஜை உண்டு, மருதுக்கு?

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஒரே அவசரந்தான். மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே பேரருவிக்கு ஓட வேண்டும்! வழியிலுள்ள மரங்களைப் பார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆயினும் இவ்விரண்டு ஊர்களின் சரித்திரத்தில் ஒரு பெரும் பங்கு மரங்களிடந்தான் இருக்கிறது.

தென்காசியில் பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய விசுவநாதர் ஆலயத்துக்கு ஸ்தல விருட்சம் செண்பகம். குற்றாலத்திலோ குறும்பலா. சம்பந்தப் பெருமான் குற்றாலத்துக்கு ஒரு பதிகம் பாடியதோடு நிற்கவில்லை. குறும்பலாவுக்கென்று தனியே இன்னொரு பதிகமும் பாடினார். மரத்துக்கு இதைவிட வேறு என்ன கௌரவம் வேண்டும்? அதன் பழத்தை மனிதர் பறிப்பதில்லை என்பது ஐதிகம். அது குரங்குகளின் பாத்தியதை.

கோயில் மரத்துக்கு அரண் பக்தி. சாலை மரத்துக்கு அரண் ஏது? சிற்றாற்று ஈரத்தில் செழித்த மருத மரங்களை ராணி மங்கம்மாள் வைத்தவை என்று ஊரார் சொல்வார்கள். (தெற்குச் சீமையில் எந்தக் கிழமரத்தையும் அந்த அம்மாள் கணக்கில் எழுதிவிடுவது நம் வழக்கம்!) அவளுடைய பேரன் விஜயரங்க சொக்கநாதன், குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு நிலம் மானியம் விட்டான். பாட்டைக் காப்பாற்றிவிட்டோம். ஆனால் திருநெல்வேலியிலிருந்து தென்காசி வரும் சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தியபோது, இருமருங்கும் நின்ற பழமரங்கள் சாய்ந்தன. அகலமான சாலை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவனுக்கு அதன் அருமை தெரியும். எந்த மரம் எத்தனை வயது என்ற கணக்குக்கூட இல்லாமல் கோடரி வைப்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

பெங்களூருக்கு அருகே நல்லூரில் ஒரு புளியந்தோப்பு. நானூறு வருஷங்களைக் கடந்த மரங்களும் அதில் உண்டு. அதை 2007-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இந்தியாவில் அதுவே முதலாவது. நம் சர்க்காரும் 2021-இல் ஜில்லாதோறும் கலெக்டர் தலைமையில் பசுமைக் குழு அமைத்தது. சர்க்கார் நிலத்து மரத்தை வெட்ட இதன் அனுமதி வேண்டும். நல்லதே. ஆனால் விண்ணப்பம் வருவது சாலைக்கு முளையடித்த பிறகல்லவா? அதற்கு முன்பே ஜாபிதா தயாராக இருக்க வேண்டாமா?

இது பெரிய வித்தையன்று. தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து, இடத்தையும் ஜாதியையும் எழுதி, நம்பர் கொடுத்தால் போதும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கயிறும் நோட்டுப் புத்தகமும் கொடுத்து அனுப்பலாம். கவிராயரின் மேலகரத்திலேயே ஆரம்பிக்கலாம். குற்றாலச் சாலை அவ்வழியேதானே போகிறது!